ஒரே திரையில் நாலு அளவு எழுத்து

(நல்லூர் ஒன்றிய ஆசிரியர்களுக்காக வட்டார வள மையத்தில் நடந்த கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



லினக்ஸ் பற்றிப் பேசச் சொன்னார்கள். அதன் பெருமைகளை நான் பட்டியல் போடப் போவதில்லை. உங்களில் பலர் ஒருமுறையாவது சொன்ன ஒரு குறையை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். "சார், ஓரிடத்தில் எழுத்து எறும்பு மாதிரி இருக்கிறது, இன்னோரிடத்தில் யானை மாதிரி இருக்கிறது. ஒரு ஐகான் பெரிது, பக்கத்து ஐகான் சிறிது. இதை வைத்துக்கொண்டு பிள்ளைகளுக்கு என்ன காட்டுவது?" இதுதான் இன்றைய பொருள்.

சின்ன விஷயம்போலத் தோன்றும். ஆனால் நன்றாக ஓடுகிற கணினி பீரோவுக்குள் போய்விடுவதற்கு இதுவும் ஒரு காரணம். 2011 செப்டம்பரில் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் வந்த பல மடிக்கணினிகளில் விண்டோஸோடு பாஸ் லினக்ஸும் இருந்தது நினைவிருக்கும். அது சென்னை சி-டாக் நிறுவனம் டெபியன் லினக்ஸை அடிப்படையாகக் கொண்டு உருவாக்கியது. பக்கத்து மாநிலமான கேரளத்தில், முன்பு ஐடி அட் ஸ்கூல் என்றும் இப்போது கைட் என்றும் அழைக்கப்படும் அமைப்பின் வழியாக, அரசுப் பள்ளிகளின் கணினிப் பாடமே கட்டற்ற மென்பொருளில்தான் பல ஆண்டுகளாக நடக்கிறது. நம்மிடமும் பழைய கணினிக்குக் கொஞ்ச நாள் கூடுதலாக உயிர் கொடுக்க லினக்ஸ் உதவுகிறது. அப்படி உயிர் கொடுத்த பிறகு எழுத்து தெரியவில்லை என்று மூடி வைத்தால், பட்ட பாடெல்லாம் வீண்.

தமிழ் என்பதால் நமக்கு இந்தத் தொல்லை இன்னும் அதிகம். ஆங்கிலத்தில் எழுத்து கொஞ்சம் மங்கினாலும் சொல்லின் வடிவத்தை வைத்து ஒப்பேற்றிவிடலாம். தமிழில் 'கி'க்கும் 'கீ'க்கும் நடுவே இருப்பது ஒரு சிறு சுழி. 'க'வுக்கும் 'க்'குக்கும் நடுவே ஒரு புள்ளி. வழக்கமான கணக்கில் 10 பாயிண்ட் எழுத்துக்குத் திரையில் கிடைக்கும் உயரம் ஏறத்தாழ 13 பிக்சல். மேலே புள்ளி, சுழி, கீழே இறங்கும் உகர ஊகாரக் கோடுகள் எல்லாம் அந்த 13க்குள் அடங்க வேண்டும். புள்ளிக்கு மிஞ்சுவது ஒன்றிரண்டு பிக்சல். மூன்றாம் வகுப்புப் பிள்ளை 'பட்டம்' என்பதைப் 'படடம' என்று எழுத்துக்கூட்டிப் படித்தால், பிள்ளைக்கு மெய்யெழுத்து தெரியவில்லை என்று நாம் குறித்துக்கொள்கிறோம். திரையில் புள்ளி தெரிந்ததா என்று யார் பார்த்தது?

சரி, எழுத்து சிறிதாக இருந்தால் முதலில் என்ன செய்கிறோம்? நேரே திரை அமைப்புக்குப் போய் 1366க்கு 768 என்று இருப்பதை 1024க்கு 768 என்று மாற்றிவிடுகிறோம். எழுத்து பெரிதாகத்தான் ஆகும். ஆனால் மடிக்கணினித் திரையில் பிக்சல்கள் பதித்தது பதித்ததுதான். அகலத்தில் 1366 இருக்கிறது. அதில் 1024ஐ இழுத்து விரித்தால் எழுத்தின் ஓரம் குழம்பும், வட்டம் முட்டையாகும். வடிவியல் பாடத்தில் வட்டத்தைக் காட்டி, "இதன் எல்லா ஆரங்களும் சமம்" என்று சொன்னால் முதல் வரிசைப் பிள்ளை சிரிக்கும். ஆகவே திரையின் சொந்த அளவைத் தொடவே வேண்டாம். யாராவது ஏற்கெனவே மாற்றியிருந்தால், பட்டியலில் 'பரிந்துரைக்கப்பட்டது' என்று குறித்திருக்கும் அளவுக்கு அதைத் திருப்பிவிடுங்கள். மற்ற வேலைகளுக்கெல்லாம் இதுதான் அடித்தளம்.

இனி, அளவு ஏன் வேறுபடுகிறது என்பதற்கு வருவோம். பாயிண்ட் என்பது அச்சகத்து அளவு. ஓர் அங்குலத்தில் 72இல் ஒரு பங்கு. திரையிலோ பிக்சல்தான் உண்டு. ஆகவே 12 பாயிண்ட் எழுத்தைத் திரையில் வரைய, ஓர் அங்குலத்துக்கு எத்தனை பிக்சல் என்று கணினிக்குத் தெரிய வேண்டும். இதைத்தான் டிபிஐ என்கிறார்கள். பெரும்பாலான லினக்ஸ் முகப்புகள் திரை எதுவானாலும் அங்குலத்துக்கு 96 என்று வைத்துக்கொண்டுவிடுகின்றன. அப்படியானால் 12 பாயிண்ட் எழுத்துக்கு எப்போதும் 16 பிக்சல்.

உண்மையான திரைக்கு வாருங்கள். 14 அங்குல மடிக்கணினி, 1366க்கு 768. பிதாகரஸ் தேற்றத்தைப் போட்டால் மூலைவிட்டத்தில் 1567 பிக்சல் வரும். 14ஆல் வகுத்தால் அங்குலத்துக்கு 112. அதே 1366க்கு 768 உள்ள பதினெட்டரை அங்குல மேசைத் திரையில் 85. புதிதாக வரும் 15.6 அங்குல, 1920க்கு 1080 மடிக்கணினியில் 141. எட்டாம் வகுப்புக் கணக்குக்கு இதைவிட நல்ல உதாரணம் கிடைக்காது. பிள்ளைகளையே அளவுகோலால் அளந்து வகுக்கச் சொல்லுங்கள். ஆக, ஒரே 12 பாயிண்ட் எழுத்து மேசைத் திரையில் 4.8 மில்லிமீட்டர், 14 அங்குல மடிக்கணினியில் 3.6 மில்லிமீட்டர், புதிய மடிக்கணினியில் 2.9 மில்லிமீட்டர். புதிய கணினி வாங்கினால் எழுத்து சிறிதாகிவிடுகிறதே என்று வியப்பவர்களுக்கு விடை இதுதான்.

இது கணினிக்குக் கணினி வரும் வேறுபாடு. ஒரே கணினிக்குள் வரும் வேறுபாட்டுக்குக் காரணம் வேறு. நமக்குப் பக்கத்தில் விருத்தாசலம் இருக்கிறது; பீங்கான் வேலை பார்க்கும் வீட்டுப் பிள்ளைகள் நம் வகுப்புகளிலேயே இருக்கிறார்கள். அவர்களைக் கேட்டால் சொல்வார்கள்: ஒரே அச்சில் இரண்டு விதக் களிமண்ணை ஊற்றினால், காய்ந்து சூளையில் வெந்து வெளியே வரும்போது இரண்டும் ஒரே அளவில் இராது. எந்த மண் எவ்வளவு சுருங்கும் என்று தெரிந்துதான் அச்சையே பெரிதாகச் செய்கிறார்கள். லினக்ஸ் மென்பொருள்களும் இப்படி வெவ்வேறு மண்ணால் ஆனவை. சில ஜிடிகே என்ற கருவித்தொகுப்பில் எழுதப்பட்டவை: ஜிம்ப், பல முகப்புகளின் கோப்பு மேலாளர். சில கியூட்டி என்ற தொகுப்பில் எழுதப்பட்டவை: விஎல்சி, நம் சிறு பிள்ளைகள் விளையாடும் இப்போதைய ஜிகாம்ப்ரி. கணக்காசிரியர்கள் பயன்படுத்தும் ஜியோஜீப்ரா கிளாசிக் 5 ஜாவாவில் ஆனது. முகப்பில் நீங்கள் ஓர் அளவைச் சொன்னால் ஒரு தொகுப்பு கேட்கும், இன்னொன்று பாதி கேட்கும், மற்றொன்று காதிலேயே போட்டுக்கொள்ளாது. பழுது என்று எதுவும் இல்லை. வரையும் ஆட்கள் பலர், அவ்வளவுதான்.

அதனால் சரிசெய்யும் வரிசை முக்கியம். முதலில் பொது அளவு, பிறகு எழுத்துரு, பிறகு ஐகான், கடைசியில் சொல் பேச்சு கேளாத மென்பொருள்கள். தலைகீழாகச் செய்தால், ஒவ்வொன்றாகச் சரிசெய்து முடித்த பிறகு பொது அளவை மாற்றும்போது எல்லாம் மறுபடி கலையும்.

பொது அளவு என்பது எழுத்தின் பெருக்கக் காரணி. சின்னமன் முகப்பில் எழுத்துரு அமைப்புப் பக்கத்திலேயே இருக்கும். நோம் முகப்பில் 'ட்வீக்ஸ்' என்ற சிறு மென்பொருளில் இருக்கும். அதை நிறுவ முடியாவிட்டால் அணுகல்தன்மைப் பக்கத்தில் 'பெரிய எழுத்து' என்பதை இயக்கினால் போதும், அது 1.25 மடங்காக்கும். எக்ஸ்எஃப்சிஇயில் தோற்றம் என்ற பக்கத்தில், எழுத்துரு என்ற தாவலில், டிபிஐ எண்ணையே நேராக எழுதலாம். 14 அங்குலத் திரைக்கு 112. பெருக்கக் காரணியாகச் சொன்னால் ஏறத்தாழ 1.2. மாற்றிய பின் ஒருமுறை வெளியேறி மறுபடி உள்ளே வாருங்கள். திறந்திருக்கும் மென்பொருள்கள் பழைய எண்ணையே பிடித்துக்கொண்டிருக்கும். 'மாற்றினேன், ஒன்றும் ஆகவில்லை' என்று என்னிடம் சொல்பவர்களில் பாதிப் பேருக்கு இதுதான் காரணம்.

திரை அமைப்பில் 200 விழுக்காடு என்று ஒன்று கண்ணில் படும். 1366 அகலத் திரையில் அதைத் தொடாதீர்கள். பாதி ஜன்னல்கள் திரைக்கு வெளியே போய்விடும். 'சரி' பொத்தானையே தேட வேண்டிவரும்.

அடுத்தது எழுத்துரு. தமிழாசிரியர்கள் இங்கே கவனியுங்கள். முகப்புக்கு நீங்கள் தேர்ந்தெடுத்த எழுத்துருவில் தமிழ் இல்லையென்றால், கணினி சும்மா இருக்காது. தமிழ் உள்ள வேறோர் எழுத்துருவைத் தேடி எடுத்துப் போடும். லோகித் தமிழாக இருக்கலாம், நோட்டோ சான்ஸ் தமிழாக இருக்கலாம். ஒரே பாயிண்ட் எண்ணில் ஒவ்வொருவர் வடித்த எழுத்தும் ஒவ்வொரு உயரத்தில் இருக்கும். ஆகவே 'புதிய கோப்புறை 2' என்ற பெயரில் தமிழ் ஓர் உயரம், அந்த 2 வேறோர் உயரம். இதற்கு எளிய வழி, இரண்டு மொழியும் ஒருவரே வடித்த எழுத்துருவைத் தேர்ந்தெடுப்பது. முக்தா மலர், கட்டமரன், ஹிந்த் மதுரை, மீரா இனிமை ஆகியவற்றில் தமிழும் ஆங்கிலமும் சேர்ந்தே இருக்கின்றன. நான்கும் காசில்லாமல் கிடைப்பவை. எனக்குப் பிடித்தது முக்தா மலர். சிறிய அளவிலும் புள்ளி தெளிவாகத் தெரிகிறது. கோப்பை இருமுறை சொடுக்கினால் பெரும்பாலும் நிறுவு என்ற பொத்தான் வரும். பிறகு முகப்பின் எழுத்துருப் பக்கத்தில் எல்லா வரிசையிலும் அதையே வைத்துவிடுங்கள்.

பாமினியிலும் வானவில்லிலும் தட்டச்சு செய்த பழைய கோப்புகள் கிறுக்கலாகத் தெரிவது அளவுச் சிக்கல் இல்லை. அது குறியாக்கம் பற்றியது. ஒருங்குறிக்கு மாற்றினால்தான் தீரும். 2010 ஜூனில், கோவைச் செம்மொழி மாநாட்டின்போதே, அரசு ஒருங்குறியைத் தரமாக அறிவித்துவிட்டது. அதைத் தனியாக இன்னொரு நாள் பேசலாம்.

வினாத்தாள் அடிப்பவர்களுக்கு முக்கியமானது லிப்ரேஆபிஸ். அதில் எழுத்துகளை இனம் இனமாகப் பிரித்து வைத்திருக்கிறார்கள். ஆங்கிலம் முதலியவை மேற்கத்திய எழுத்து. தமிழ், இந்தி முதலியவை சிக்கலான உரை அமைப்பு. இரண்டுக்கும் தனித்தனி எழுத்துரு, தனித்தனி அளவு. நீங்கள் 'இயல்பு' பாணியில் 12 என்று வைத்தது ஆங்கிலத்துக்கு மட்டும் போயிருக்கலாம். தமிழ் பழைய அளவிலேயே நிற்கும். வினா எண் பெரிதாகவும் வினா சிறிதாகவும் அச்சாகி வருவதைப் பார்த்திருப்பீர்கள். விருப்பங்களில் மொழி அமைப்புக்குப் போய், சிக்கலான உரை அமைப்பு என்ற பெட்டியில் குறியிட்டுத் தமிழைத் தேர்ந்தெடுங்கள். அப்புறம் பாணியைத் திருத்தும் ஜன்னலில் எழுத்துருத் தாவலைத் திறந்தால் இரண்டு பகுதி தெரியும். இரண்டிலும் ஒரே எழுத்துரு, ஒரே அளவு. அதை வினாத்தாள் வார்ப்புருவாகச் சேமித்துவிட்டால் ஆண்டு முழுக்க மறுபடி தொட வேண்டியதில்லை. விண்டோஸில் லதா எழுத்துருவில் அடித்த தாள் இங்கே திறந்தால் இரண்டு பக்கம் மூன்று பக்கமாவதற்கும் காரணம் எழுத்துரு மாறிவிடுவதுதான். இரு பக்கமும் ஒரே எழுத்துருவை நிறுவிவிடுங்கள். அல்லது அச்சுக்குப் பிடிஎஃப் ஆக்கிக் கொடுங்கள்.

ஐகானுக்கு வருவோம். எழுத்தின் பெருக்கக் காரணி பொதுவாக ஐகானைப் பெரிதாக்காது. ஐகான்கள் தொகுப்பாக வரும். ஒவ்வொரு தொகுப்பிலும் 16, 22, 24, 32, 48 பிக்சல் என்று தனித்தனிப் படங்கள் இருக்கும். எந்த அளவுக்கும் நீட்டக்கூடிய படங்களும் இருக்கும். ஒரு மென்பொருளுக்கான படம் உங்கள் தொகுப்பில் இல்லையென்றால், அந்த மென்பொருள் தானே கொண்டுவந்த படம் வரும். கீழ்ப்பட்டையில் ஒன்று மட்டும் துருத்திக்கொண்டோ, சுருங்கியோ நிற்பது அதனால்தான். முழுமையான ஒரு தொகுப்புக்கு மாற்றினால் பெரும்பாலும் சரியாகும். பட்டையின் உயரத்தையும் 32 பிக்சல் அல்லது அதற்கு மேல் வையுங்கள். சின்னப் பிள்ளைகளுக்கு 48. மவுஸ் பிடித்துப் பழகாத கை அது.

கோப்புறைக்குக் கோப்புறை ஐகான் அளவு மாறுகிறதா? சில கோப்பு மேலாளர்கள் ஒவ்வொரு கோப்புறைக்கும் பெரிதாக்கிய அளவைத் தனித்தனியே நினைவில் வைத்திருக்கும். யாரோ ஒரு பையன் கண்ட்ரோல் விசையைப் பிடித்தபடி மவுஸ் சக்கரத்தை உருட்டியிருப்பான். கண்ட்ரோலோடு பூஜ்யத்தை அழுத்தினால் இயல்பு அளவு வரும். நீமோவில் 'கோப்புறைவாரி விருப்பங்களைப் புறக்கணி' என்ற பொருளில் ஓர் அமைப்பு உண்டு. ஆய்வகக் கணினிகளில் அதை இயக்கி வைப்பது நல்லது.

சொல் பேச்சு கேளாதவை சில மிஞ்சும். லிப்ரேஆபிஸ் கருவிப்பட்டைக்கு அதன் விருப்பங்களில் 'காட்சி' என்ற பக்கத்தில் ஐகான் அளவு இருக்கிறது. ஜியோஜீப்ராவுக்கு அதன் சொந்த எழுத்தளவு அமைப்பு இருக்கிறது. பயர்பாக்ஸில் பக்கத்தைப் பெரிதாக்குவது அந்தத் தளத்துக்கு மட்டும். எல்லாத் தளத்துக்கும் வேண்டுமானால் அமைப்புகளில் இயல்புப் பெருக்கம் என்று இருக்கும். கடவுச்சொல் கேட்டுத் திறக்கும் நிர்வாக மென்பொருள்கள் சில வேறு தோற்றத்தில் வந்தால் பயப்படாதீர்கள். அவை நிர்வாகி என்ற இன்னொரு பயனராக ஓடுகின்றன. உங்கள் அமைப்பு அந்தப் பயனருக்குத் தெரியாது. உள்நுழைவுத் திரை பொடியாக இருப்பதும் இதே கதைதான். எப்போதாவது பார்ப்பது, அதை விட்டுவிடலாம் என்பது என் கருத்து.

புரொஜெக்டரில் டிபிஐ கணக்கு உதவாது. 1024 பிக்சல் அகலப் படத்தை ஆறடி அகலச் சுவரில் விழச் செய்கிறோம் என்று வைத்துக்கொள்ளுங்கள். 12 பாயிண்ட் எழுத்தின் 16 பிக்சல் சுவரில் ஏறத்தாழ 2.9 சென்டிமீட்டர். பெரிதாகத் தோன்றுகிறது அல்லவா? இருபத்து நான்கு அடி தள்ளிக் கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருப்பவனுக்கு அது எவ்வளவு தெரியும்? புத்தகத்தைக் கையில் 40 சென்டிமீட்டர் தூரத்தில் பிடித்திருந்தால் ஒன்றரை மில்லிமீட்டர் எழுத்து. அச்சுக் கணக்கில் நாலரை பாயிண்ட். நம் பாடநூலை நாலரை பாயிண்டில் அச்சடித்துக் கொடுத்தால் ஏற்றுக்கொள்வோமா? சுவரில் காட்டும் எதுவும் 36 பாயிண்ட் இருக்கட்டும். ஒரு பக்கத்துக்கு ஆறேழு வரிதான் வரும், வரட்டும். வகுப்பு முடிந்து புரொஜெக்டரைக் கழற்றியதும் மடிக்கணினி தன் சொந்த அளவுக்குத் திரும்பியதா என்றும் பாருங்கள். சில சமயம் 1024லேயே தங்கிவிடும். மறுநாள் காலை அதைத் திறப்பவர் கணினி கெட்டுவிட்டது என்று முடிவு கட்டிவிடுவார்.

இதற்கெல்லாம் ஏன் இவ்வளவு நேரம் செலவிடுகிறேன் என்றால், எங்கள் ஆய்வகத்தில் பார்த்த ஒன்றைச் சொல்ல வேண்டும். எட்டாம் வகுப்பில் ஒரு மாணவி. திரையில் மூக்கு முட்டும்படி குனிந்துதான் படிப்பாள். யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை, ஏனென்றால் அந்த வரிசையில் நான்கு பேருமே குனிந்துதான் இருந்தார்கள். நான்கு திரையிலும் எழுத்து பொடி. வாய்விட்டுப் படிக்கச் சொன்னால் தடுமாறுவாள். வாசிப்பில் பின்தங்கியவள் என்று பட்டியலில் பெயர் இருந்தது. ஒரு சனிக்கிழமை உட்கார்ந்து எல்லாக் கணினியையும் ஒரே அளவுக்குக் கொண்டுவந்தேன். திங்கட்கிழமை மூன்று பேர் முதுகை நிமிர்த்தி உட்கார்ந்தார்கள். அவள் மட்டும் அதே மாதிரி குனிந்தாள். அப்போதுதான் தெரிந்தது. கண்ணொளி காப்போம் திட்டத்தில் பரிசோதனைக்கு வந்தவர்களிடம் அவளைத் தனியாகக் காட்டச் சொன்னேன். கண்ணாடி வந்தது. இப்போது பின் வரிசையில் உட்கார அடம் பிடிக்கிறாள், தோழிகள் அங்கே இருக்கிறார்களாம்.

எழுத்தைப் பெரிதாக்கியதால் அவள் பார்வை சரியாகவில்லை. அதைச் செய்தது கண்ணாடி. ஆனால் திரைகள் நான்கு விதமாக இருக்கும்வரை, குறை திரையிலா, கண்ணிலா, வாசிப்பிலா என்று நம்மால் பிரித்துப் பார்க்க முடியாது. சிறப்புக் கவனம் வேண்டும் பிள்ளைகளோடு வேலை செய்யும் ஆசிரியர்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை. குறைந்த பார்வையுள்ள பிள்ளைக்கு 1.2 போதாது. அந்தப் பிள்ளைக்கென்று தனிப் பயனர் கணக்கு ஒன்றைத் தொடங்கி, அதில் 1.5 அல்லது அதற்கு மேல் வைத்து, மவுஸ் குறியையும் பெரிதாக்கிக் கொடுங்கள். அமைப்புகள் பயனருக்குப் பயனர் தனியாக இருப்பதால் மற்றவர்களுக்கு ஒன்றும் மாறாது.

கட்டளை வழியாகச் செய்ய விரும்புபவர்களுக்குத் தனித்தாளில் எழுதி வைத்திருக்கிறேன், போகும்போது எடுத்துக்கொள்ளுங்கள். இப்போது இருவருக்கு ஒரு கணினி. முதலில் திரை சொந்த அளவில் இருக்கிறதா என்று பாருங்கள். பிறகு அளவுகோலை எடுத்து மூலையிலிருந்து மூலைக்கு அளந்து, அங்குலத்துக்கு எத்தனை பிக்சல் என்று கணக்கிட்டுத் தாளின் மேலே எழுதுங்கள். சட்டகத்தைச் சேர்க்க வேண்டாம், வெளிச்சம் வரும் பகுதி மட்டும்.